தேங்காய்க்குள்ள கதிர்வீச்சு... பிகினி தீவுக்குக் கைகொடுத்த நம்ம ஊர் பொட்டாஷ்!

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பஸ்ல போனவங்களுக்குத் தெரியும்... ரெண்டு பக்கமும் தென்னைதான். தாகமா இருந்தா இறங்கி ஒரு இளநீர். 'அதைக் குடிக்காதீங்க, உடம்புக்கு ஆபத்து'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? பசிபிக் கடல்ல இருக்கிற பிகினி தீவு மக்களுக்கு அதுதான் நடந்தது.

என்ன நடந்தது?

1946-ல் அணுகுண்டு சோதனைக்காக பிகினியில் இருந்த 167 பேரை அமெரிக்கா வெளியேற்றியது. 1958 வரை மார்ஷல் தீவுகளில் மொத்தம் 67 சோதனைகள். அதில் ரொம்பப் பெரியது, 1954 மார்ச் 1-ம் தேதி வெடித்த 'காசில் பிராவோ'. ஹிரோஷிமா குண்டைவிட சுமார் 1,000 மடங்கு சக்தி. பவளப்பாறை தூளாகி, வெள்ளைச் சாம்பலா ரோங்கலாப் தீவு மக்கள் மேல கொட்டியது. அடுத்த மாசமே, இந்தச் சோதனைகளை நிறுத்திவைக்கணும்னு நேரு நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார்.

மண்ணுல இருந்து நண்டுக்கு!

சாம்பல்ல இருந்த சீசியம்-137 மண்ணுல தங்கிடுச்சு. அது பாதியா குறையவே 30 வருஷம் ஆகும். வேதியியல்படி சீசியமும் பொட்டாசியமும் பங்காளிங்க மாதிரி. பவளத்தீவு மண்ணுல பொட்டாசியம் ரொம்பக் கம்மி. அதனால வேர், பொட்டாசியத்துக்குப் பதிலா சீசியத்தை உறிஞ்சிடும். அது தேங்காய்க்குப் போகும். தேங்காயைத் தின்கிற தென்னை நண்டுக்குப் போகும். ரெண்டையும் சாப்பிடுற மனுஷங்களுக்கும் போகும். 'இனி பயமில்லை'ன்னு நம்பி 1970-களில் ஊர் திரும்பினவங்க உடம்புல சீசியம் ஏறியதால, 1978-ல் அவங்களை மறுபடியும் வெளியேற்றினாங்க.

தீர்வு இருக்கா?

நம்ம டெல்டா விவசாயிங்க நெல்லுக்குப் போடுற பொட்டாஷ்தான்! அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வக விஞ்ஞானிகள் பிகினி தென்னைகளுக்குப் பொட்டாசியம் உரம் போட்டுப் பார்த்தாங்க. தேங்காயில் சீசியம் சுமார் பத்துல ஒரு பங்கா குறைஞ்சது. ஆனா, மண்ணுல இருக்கிற சீசியத்தை உரம் அழிக்காது. இன்னிக்கு வரைக்கும் அந்த மக்கள் முழுசா ஊர் திரும்பலை.

நமக்கு என்ன?

பயப்படாதீங்க, நம்ம ஊர் இளநீரைத் தாராளமா குடிக்கலாம். ஆனா, 2017 ஜூன் 30-ம் தேதி கதிராமங்கலம் வயல்ல குழாயிலிருந்து கச்சா எண்ணெய் கசிஞ்சதைப் பார்த்தவங்க நாம. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020-ல்தான் வந்தது. எண்ணெய் வேற, கதிர்வீச்சு வேற. ஆனா கெட்டுப்போன மண்ணைப் பழையபடி மீட்கிறது ரெண்டுலயும் சுலபமில்லை. அடுத்த தடவை அப்பா மண் பரிசோதனைக்குக் கிளம்பினா, நீங்களும் கூடப் போயிட்டு வாங்க.