நைசின்: பழுதாகப் பதிவான ஒரு கண்டுபிடிப்பு

சல்லி மாதிரி ஒரு கடற்கரை ஊரில ஐஸ் போடாத மீன் மத்தியானத்துக்குள்ள நாறத் தொடங்கிரும். அதே வெக்கையில, கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வந்த எருமைத் தயிர்ச் சட்டி கடைத் தட்டில சும்மா கிடக்கும். புளிக்குமே தவிர லேசில அழுகாது. பாலில் உள்ள சீனியைப் பக்ரீரியாக்கள் லக்ரிக் அமிலமாக்குவதுதான் முதற்காரணம். ஆனால் பாலில் வளரும் பக்ரீரியாக்கள் சில அமிலத்தோடு நிற்பதில்லை. போட்டிக்கு வரும் நுண்ணுயிர்களைக் கொல்லத் தனியாக ஒரு நஞ்சும் செய்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது நைசின்.

1928 என்றதும் எல்லாருக்கும் பிளெமிங்கும் பெனிசிலினும்தான் ஞாபகம் வரும். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரொஜர்ஸ் என்பவர், ஒரு பால் பக்ரீரியா இன்னொன்றை வளரவிடாமல் தடுப்பதைப் பதிவுசெய்தார். அவரை எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. 1933இல் நியூசிலாந்தில் வைட்ஹெட் இதையே வேறு பக்கத்தால் சந்தித்தார். சில பாலில் சீஸுக்குப் போட்ட உறை வேலை செய்யவில்லை. உறையைத் தடுத்தது புரதம் போன்ற ஒரு பொருள் என்று அவர் காட்டினார். பிற்காலத்தில் உணவைக் காக்கப்போகும் பொருள், முதலில் தொழிலைக் கெடுக்கும் பழுதாகத்தான் ஏட்டில் ஏறியது!

1947இல் இங்கிலாந்தில் மற்றிக், ஹேர்ஷ் இருவரும் அதற்கு நைசின் என்று பெயர் வைத்தார்கள். மருந்தாக்கும் ஆசையும் இருந்தது, சரிவரவில்லை. உடம்பின் அமில-கார நிலையில் அது சரியாகக் கரைவதில்லை. சீஸை ஊதிப்போகச் செய்யும் குளொஸ்ரீடியத்தை 1951இல் நைசினால் அடக்கிக் காட்டிய பிறகே அதற்கு வாழ்வு வந்தது. 1969இல் உலக அளவிலான நிபுணர் குழுவும் 1988இல் அமெரிக்காவும் உணவில் சேர்க்க அனுமதித்தன. இன்று பொதிகளில் இ234 என்று இருந்தால் அது இதுதான்.

இப்போதைய ஆய்வு இன்னும் சுவாரசியம். பக்ரீரியா வளர வளர தான் விட்ட அமிலத்திலேயே மூச்சுத்திணறும். தன் நைசினிடமிருந்து தப்பத் தனிக் காப்புப் புரதங்கள் வைத்திருந்தாலும் அதுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆகவே மரபணுக்களை மாற்றி, செல்சுவரை உறுதியாக்கி, அமிலத்தைத் தாங்கும் வகைகளை உருவாக்குகிறார்கள். சீனாவில் இப்படிச் செய்து விளைச்சலைக் கூட்டியிருக்கிறார்கள்.

உடனே "எங்கட ஆக்களுக்கு இது அப்பவே தெரியும்" என்று கிளம்பவேண்டாம். தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது எந்தச் சட்டித் தயிர் நல்லாப் பிடிக்குது, எதை அடுத்த பாலுக்கு உறையா எடுத்துவைக்கிறது என்பது. ஆனால் அதுவும் ஒரு தெரிவுதான். வெக்கையைத் தாங்காத உறை அடுத்த சட்டிக்குப் போகாது. ஆய்வுகூடம் செய்யிறதுக்கு முன்னாலேயே, பெயரில்லாமல், வீட்டுக்கு வீடு நடந்த வேலை.

இந்தத் தொடர் கால்நடையை நம்பித்தான் ஓடுது. 2023இல் மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காகத் தெருவில் இருந்தபோது நாங்கள் அதை நிலப்பிரச்சினையாகவே வாசித்தோம். பால் வராத வீட்டில் உறை அடுத்த சட்டியைக் காணாது; கடையில் வாங்கும் தூள் உறையில் அது இருக்கப்போவதும் இல்லை.