நரிவெங்காயமும் கரும்பும்: இருமல் சிரப் பிறந்த கதை

நரிவெங்காயத்தை வெறுங்கையால் நறுக்கினால் கை அரிக்கும். அதன் சதைக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் இருக்கின்றன; அவை தோலில் குத்துகின்றன. நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் வாந்தி. இன்னும் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். இப்படிப்பட்ட ஒரு கிழங்கை மனிதர்கள் 2,000 வருடங்களுக்கும் மேலாக இருமலுக்குக் குடித்து வந்திருக்கிறார்கள். அதை எதில் கலந்து குடித்தார்கள் என்று தேடிப் போனால், நம் வீட்டு அலமாரியில் பிசுபிசுத்து நிற்கும் சிரப் பாட்டிலில் வந்து முடிகிறது.

கதை தொடங்குவது நம் ஊர் நரிவெங்காயத்தில் அல்ல. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் அதன் அக்காளில். அந்தக் கிழங்கு இரண்டு கிலோ கூடத் தேறும். கோடையில் இலையெல்லாம் காய்ந்து, செத்துப்போனதோ என்று நினைக்கும் நேரத்தில், இலையே இல்லாமல் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பூத்தண்டு மட்டும் கிளம்பும். இலை வருவது அதற்குப் பிறகுதான். இதை வளர்ப்பது என்று சொல்வதே அதிகம். மணல் கலந்த மண்ணில், பாதிக் கிழங்கு வெளியே தெரிய நட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கோடையில் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும். பிடுங்கித் தொங்கவிட்டாலும் நெடுநாள் உயிரோடு இருக்கும் என்று கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃபிராஸ்டஸ் வியந்து எழுதியிருக்கிறார். அந்தச் சாகாத்தன்மையைப் பார்த்துத்தானோ என்னவோ, கெட்டது அண்டாமலிருக்க வாசலில் இதைக் கட்டும் வழக்கமும் இருந்தது. அதைச் சொன்னவர் பித்தாகரஸ் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. முக்கோணத்துப் பித்தாகரஸேதான்.

கரும்பின் சுபாவம் நேர் எதிர். கரணை வெட்டி நட்ட நாளிலிருந்து அதற்குப் பணிவிடை செய்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர், களை, உரம், மண் அணைப்பு, சோகை உரிப்பு, சாயாமலிருக்க விட்டம் கட்டுவது என்று 10, 12 மாதம் ஓடும். வெட்டிய பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. வெட்டிய கரும்பு காத்திருக்காது. வெயிலில் கிடந்தால் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும். ஆலை வாசலில் வண்டியோடு நிற்கும் விவசாயிக்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஒன்று பிடுங்கினாலும் சாகாது, மற்றது வெட்டிய நொடியிலிருந்து தேய ஆரம்பிக்கும். பக்குவம் செய்த பிறகு மட்டும் இரண்டுக்கும் ஒரே பயம், ஈரம். காய்ந்த நரிவெங்காயத் தூள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிக் கல்லாகிவிடும். மழைக்காலத்து வெல்லத்தைப் பற்றி நம் வீட்டுப் பெண்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் எழுதிய மருந்து நூலில் இரண்டுமே இடம்பெற்றிருக்கின்றன. நரிவெங்காயத்தைக் காடியில் ஊறவைப்பது பற்றி விரிவாகச் சொல்கிறார். சர்க்கரையோ அவருக்கு ஒரு தூரதேசத்து அதிசயம்: இந்தியாவில் நாணல் போன்ற ஒன்றில் கிடைக்கும் ஒருவகைத் தேன், உப்பைப் போலக் கட்டியானது, பல்லில் வைத்தால் நொறுங்கும். ஒரே நூலுக்குள் இருந்தும் இரண்டும் அங்கே சந்தித்துக்கொள்ளவில்லை. கசப்பை மறைக்கும் வேலையைத் தேன்தான் பார்த்தது. காடியும் தேனும் நரிவெங்காயமும் சேர்ந்த அந்தக் கூட்டுக்கு ‘ஆக்ஸிமெல்’ என்று பெயர். கிரேக்கத்தில் புளிப்புத் தேன் என்று அர்த்தம். நம் சித்த வைத்தியர் ‘அனுபானம்’ என்று சொல்வாரே, மருந்தை ஏற்றிச் செல்லும் துணைப்பொருள், அதே வேலைதான்.

இரண்டையும் சேர்த்துவைத்தவர்கள் பாரசீகரும் அரபியரும். இந்தியாவிலிருந்து போன கரும்பும் சர்க்கரை காய்ச்சும் வித்தையும் பாரசீகம் வழியாக அரபு மருத்துவர் கைக்கு வந்தன. குடிக்கும் பானத்துக்கு அரபியில் ‘ஷராப்’. அந்தச் சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் ‘சிரப்’ ஆனது. அதே வேரிலிருந்து இந்தப் பக்கம் வந்தது சர்பத். நன்னாரி சர்பத்தும் இருமல் சிரப்பும் ஒரு தாய் மக்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்! ஆக்ஸிமெல் பாரசீகத்தில் ‘சிகஞ்சபீன்’ ஆனது. நரிவெங்காயம் போட்ட சிகஞ்சபீன் யுனானி மருத்துவத்தில் உண்டு.

சர்க்கரை வெறும் இனிப்பாக மட்டும் அந்த இடத்துக்கு வரவில்லை. மருந்துக் கடைக்காரரின் சாதாரண சிரப்பில், 1,000 கிராமில் ஏறக்குறைய 667 கிராம் சர்க்கரை. இருக்கும் தண்ணீரையெல்லாம் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் கிருமிக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை, அதனால் கெடாது. பாகு சரியாக இருந்தால் அதிரசம் பல நாள் தாங்கும் ரகசியமும் இதுதான். ஐரோப்பாவில் சர்க்கரை நெடுநாள் மருந்துக்கடைச் சரக்காகவே இருந்தது. சர்க்கரையில் பதப்படுத்திய மசாலாவைத் தின்றால் விரதம் கெடுமா என்று 13ஆம் நூற்றாண்டில் கேள்வி எழுந்தபோது, கெடாது, அது செரிமானத்துக்கான மருந்து என்று தீர்ப்புச் சொன்னார் தாமஸ் அக்குவினாஸ். பிறகு கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் ரத்தத்தில் சர்க்கரை மலிவானது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இனிப்பு மருந்து எட்டியது அந்த விலையில்தான். நரிவெங்காயக் காடியில் சர்க்கரையைக் கரைத்தெடுத்த சிரப், மருந்து நூல்களில் நிரந்தர இடம் பிடித்தது.

இந்தக் குடும்பத்தில் பேர்போன பிள்ளை ‘கீஸ் லிங்டஸ்’ என்ற இருமல் மருந்து. லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ (1839–1911) பெயரால் வழங்குவது. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு வரும் சீலியாக் நோயை 1888இல் தெளிவாக விவரித்தவரும் இவர்தான். சேர்மானம் எளிது: நரிவெங்காய ஆக்ஸிமெல், கற்பூரம் சேர்த்த அபின் டிஞ்சர், தென்னமெரிக்க மரப்பிசினான தோலு போட்ட சர்க்கரைப் பாகு, மூன்றும் சம அளவு. அபின் இருமலை அடக்கும், நரிவெங்காயம் சளியை இளக்கும். எதிரெதிராக இழுக்கும் இரண்டையும் ஏன் ஒரே பாட்டிலில் அடைத்தார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. அபினுக்காக இதைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தவர்களும் உண்டு. நரிவெங்காயம் அவர்கள் இதயத்தில் வேலையைக் காட்டியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

நம் நரிவெங்காயம் இந்தக் கதைக்குள் நுழைந்தது பிரிட்டிஷ் ஆட்சியில். மணற்பாங்கான கடலோரத்திலும் வறண்ட தரையிலும் தானாக முளைக்கும் இதை, மத்தியதரைக் கடல் சரக்குக்கு மாற்றாக பிரிட்டிஷ் மருந்து நூலே ஏற்றுக்கொண்டது. வெளித்தோலையும் நடுக்குருத்தையும் நீக்கி, இடையிலிருக்கும் சதைப்பற்றான அடுக்குகளைச் சீவி உலர்த்துவார்கள்.

கசப்பை வைத்தே இந்தக் கிழங்குக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. சிவப்பு ரகத்தை எலி மருந்தாக்கினார்கள். நாயோ பிள்ளையோ தெரியாமல் தின்றுவிட்டால் பெரும்பாலும் வாந்தி எடுத்துத் தப்பிக்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது.

மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி இவ்வளவு குறுகலாக இருந்தால் எந்த மருத்துவர் நிம்மதியாக எழுதிக்கொடுப்பார்? பாதுகாப்பான மருந்துகள் வர வர, நரிவெங்காயம் மெல்லப் பாட்டிலை விட்டு இறங்கியது. அதைச் சுமக்க வந்த பாகு மட்டும் இறங்கவில்லை. யாருக்காக வண்டி கட்டினார்களோ அவர் போய்விட்டார், வண்டி ஓடுகிறது. இருமலுக்கு இதம் தருவதில் பெரும்பங்கு தொண்டையில் படியும் அந்தப் பாகுக்கே என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பாகிலும் இப்போது கரும்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. சார்பிட்டால், கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் என்று மாற்றுகள் வந்துவிட்டன. ஆனால் அந்த இடத்தில் விஷமும் புகுந்ததுண்டு. 1937இல் அமெரிக்காவில், தண்ணீரில் கரையாத சல்ஃபா மருந்தைத் திரவமாக்க ஒரு நிறுவனம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தைப் பயன்படுத்தியது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்கும் முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று அடுத்த வருடமே அங்கே சட்டம் வந்தது. 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் சாவு, இந்தியாவில் தயாரான சிரப்களோடு சேர்த்துப் பேசப்பட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, அந்த இருமல் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதனையில் அகப்பட்டது அதே டைஎத்திலீன் கிளைக்கால். அதை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் தித்திக்கும்.