பாலாற்று முகத்தில் ஒரு மதுச்சாடி

சில வருடங்களுக்கு முன் வாசவசமுத்திரம் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே, கல்பாக்கத்துக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர். "ரோமானியக் கப்பல்களிலிருந்து மதுச்சாடிகள் இறங்கிய துறை" என்று அதில் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டேன். அந்த வரியை இன்று திருத்த வேண்டியிருக்கிறது. திருத்த வைத்தது, சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு ஸ்பானிஷ் ஒயின் பாட்டில்.

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொண்டுவந்தது. எனக்கு அந்தப் பழக்கம் அதிகம் கிடையாது. குடித்ததைவிட லேபிளைப் படித்ததுதான் அதிக நேரம். திராட்சையின் பெயரைவிட ஊரின் பெயர் பெரிதாக இருந்தது: ரியோஹா. வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரைப் பகுதி அது. வடக்கே கான்டாப்ரிய மலைத்தொடர் அட்லான்டிக் பக்கத்துக் குளிரையும் மழையையும் தடுத்து நிற்கிறது. களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மேட்டுநிலம், இரும்புச்சத்தால் சிவந்த மண், ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் என்று மண்ணிலேயே பல வகை. முக்கியத் திராட்சை டெம்ப்ரானியோ. 'சீக்கிரம்' என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். மற்றவற்றைவிட முன்பே பழுத்துவிடும்.

நம் காஞ்சிப் பட்டுக்கும் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, இல்லையா? அதே மாதிரி ஏற்பாடு ரியோஹாவுக்கு 1925-லேயே வந்துவிட்டது. அந்த எல்லைக்குள் விளைந்து, அந்த விதிப்படி செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம்.

ஆனால் நண்பர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மனதில் தங்கியது. பழைய பாணி ரியோஹாவில் வரும் வெனிலா மணம் திராட்சையிலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்தும் வருவதில்லை. அமெரிக்க ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருகிறது! 'ரிசர்வா' என்று போட வேண்டுமானால் மூன்று வருடம் முதிர வேண்டும். அதில் ஒரு வருடமாவது பீப்பாயில் இருக்க வேண்டும். 225 லிட்டர் பீப்பாய் முறையே 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து கற்றுக்கொண்டது. அதாவது ஒரு மதுவின் குணத்தில் பாதி நிலம், பாதி பாத்திரம்.

இதைக் கேட்டதும் எனக்கு வாசவசமுத்திரம் ஞாபகம் வந்தது. அங்கே கிடைத்தது மது இல்லை. பாத்திரம் மட்டும்தானே?

சரி, விஷயத்துக்கு வருவோம். 1970 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி தலைமையில் இயங்கிய காலத்தில், இங்கே அகழ்ந்தது. உறைகிணறுகள், செங்கல் கட்டுமானங்கள், ரூலெட் பானை ஓடுகள், கூடவே கூம்பு வடிவச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அன்றைய வழக்கப்படி அந்தச் சாடிகள் ஆம்போரா, அதாவது ரோமானிய மதுச்சாடி, என்று எடுத்துக்கொள்ளப்பட்டன. அப்படி நினைத்ததில் தப்பில்லை. 1945-இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியதிலிருந்து சோழமண்டலக் கரையில் கூர்முனைச் சாடி என்றாலே ரோம்தான். புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைச் சொல்கிறார். கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸும் இந்தியத் துறைமுகங்களுக்குப் போகும் சரக்குகளில் மதுவைச் சேர்க்கிறது. எல்லாம் அழகாகப் பொருந்தியது.

அரிக்கமேட்டுச் சாடிகளைப் பிற்பாடு எலிசபெத் வில் என்ற அமெரிக்க அறிஞர் துண்டு துண்டாகப் பரிசோதித்தார். அப்போதுதான் 'ரோமானிய' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை ஊர் ஒளிந்திருந்தது என்று தெரிந்தது. கிரேக்கத் தீவான கோஸின் சாடிகள் கணிசம். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பார்கள். ரோமானிய எழுத்தாளர் கேட்டோ அதற்குச் செய்முறையே எழுதிவைத்திருக்கிறார். ஸ்பெயினிலிருந்தும் சாடிகள் வந்திருக்கின்றன, அதில் கரும் என்ற மீன் சாறு வந்தது. கருவாட்டுக்குப் பேர்போன நம் கரைக்கு ஸ்பெயினிலிருந்து மீன் சாறு!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கோஸ் மது பிரபலமானதும், இரட்டைத் தண்டு மாதிரிப் பிடி வைத்த அந்தச் சாடியின் வடிவத்தை இத்தாலிக்காரர்கள் நகலெடுத்தார்கள், இன்றைய கட்டலோனியாப் பக்கத்து ஸ்பானியர்களும் நகலெடுத்தார்கள். வடிவத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். களிமண் பொய் சொல்லாது. வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து மண்ணில் கறுப்பு மணல் துகள் மின்னும். அதுதான் அந்தக் காலத்து லேபிள்.

இந்த வழியில் அடுத்த அடி வைத்தவர் ராபர்ட்டா டாம்பர். இந்தியா முழுக்க ஆம்போரா என்று பதிவான ஓடுகளைத் திரும்பப் பார்த்து, 2007-இல் ஒரு கட்டுரையும் 2008-இல் ஒரு நூலும் வெளியிட்டார். அவற்றில் பல ரோமானியமே இல்லை என்பது அவர் முடிவு. அவை 'டார்பிடோ சாடி' என்ற வகை: கைப்பிடி கிடையாது, நீண்ட உடல், அடியில் கூர்முனை. பிறந்த இடம் மெசபடோமியாவும் தென்மேற்கு ஈரானும். காலம் ஏறத்தாழ 3-ஆம் நூற்றாண்டு முதல் 9-ஆம் நூற்றாண்டு வரை.

எப்படிப் பிரித்தறிவது? உட்புறத்தைப் பார்க்க வேண்டும். சுட்ட மண்ணில் நுண்துளை உண்டு, மது கசியும். அதனால் உள்ளே ஏதாவது பூச வேண்டும். மத்தியதரைக் கடல் நாடுகளில் பைன் மரம் நிறைய, அவர்கள் பைன் பிசினைப் பூசினார்கள். ஈராக், ஈரான் பக்கம் நிலத்திலிருந்தே நிலக்கீல் ஊறும், அவர்கள் அதைப் பூசினார்கள். நிலக்கீலுக்கு வேதியியல் கைரேகை உண்டு. இலங்கை அனுராதபுரத்தில் கிடைத்த ஓடுகளின் பூச்சைச் சோதித்தபோது பெரும்பாலானவை ஈரானின் சூசா பகுதியைக் காட்டின. ரியோஹாவின் ஓக் மணம் போலத்தான்: பாத்திரம் தன் ஊரைத் தானே சொல்கிறது.

போன மாதம் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மறுபடி வாசவசமுத்திரம் போனேன். மணல், முள்வேலி, தூரத்தில் கடல் சத்தம். அகழ்ந்த குழி எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இன்னா தம்பி தேடறீங்க, பானை ஓடா? மழை பேஞ்சா தானா மேல வரும்" என்றார்.

நிலக்கீல் பூசிய சாடி பற்றி அவரிடம் சொன்னேன். ஆச்சரியமே படவில்லை. "படகுக்குத் தாரு பூசறோம், தண்ணி உள்ள வராம. அவன் உள்ள இருக்கறது வெளிய போவாம பூசிக்கினான். அவ்ளோதானே!"

அவ்வளவுதான். நான் இரண்டு பக்கம் எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இதனால் என்ன மாறுகிறது என்று கேட்கலாம். காலம் மாறுகிறது. ரோமானியச் சாடி என்றால் வாசவசமுத்திரத்தின் நல்ல காலம் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளோடு முடிகிறது. அப்புறம் ஒரு நீண்ட இருட்டு, திடீரென்று 7-ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துக் கற்றளிகள். பாடப் புத்தகத்தில் நாம் படித்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான். கூம்புச் சாடிகள் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்தவையாக இருந்தால், அந்த இருட்டு எனப்பட்ட காலத்திலும் இங்கே கப்பல் வந்துகொண்டிருந்தது என்றாகிறது. பல்லவர் துறைமுகம் வெறுமையிலிருந்து முளைக்கவில்லை. பக்கத்து வயலூரில் ராஜசிம்மன் தன் முன்னோர் வரிசையைத் தூணில் வெட்டி நிறுத்தியதற்கும் ஒரு பின்னணி கிடைக்கிறது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் நீர்ப்பெயற்றுத் துறையை இந்தக் கரையில்தான் பலரும் தேடுகிறார்கள். அங்கே கப்பலில் வந்து இறங்குவது வெண்பிடரிக் குதிரைகளும் வடநாட்டு வளங்களும். அந்தச் சரக்குகளில் ரோமாபுரி இல்லை.

ரோம் என்ற பெயருக்கு நமக்குள் ஒரு மயக்கம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. ரோமோடு வியாபாரம் செய்தோம் என்றால் நெஞ்சு நிமிர்கிறது. பஸ்ராப் பக்கத்து வியாபாரியோடு என்றால் ஏனோ அவ்வளவு நிமிர்வதில்லை. ஆனால் கடல் யாரையும் தரம் பிரித்து அனுப்புவதில்லையே.

ஆகவே என் பழைய குறிப்பில் 'ரோமானிய' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். 'மேற்குக் கடலிலிருந்து வந்த சாடிகள்' என்று மாற்றியிருக்கிறேன். இனி அருங்காட்சியகத்தில் ஆம்போரா என்று எழுதிய ஓட்டைப் பார்த்தால் மூன்று விஷயம் பாருங்கள்: கைப்பிடி இருந்த தடம் உண்டா, மண்ணில் கறுப்பு மணல் மின்னுகிறதா, உள்பக்கம் தார் மாதிரி கறுப்பாக ஒட்டியிருக்கிறதா. அட்டையில் எழுதியிருப்பதை அப்புறம் படிக்கலாம்.