பெண் எடுத்த வாடை: கிரேக்க நகரங்களின் காற்று வழிபாடு

கிரேக்கத் தொன்மக் கையேடுகள் காற்றுத் தெய்வங்களைத் திசைக்கு ஒருவராக நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகின்றன: வடக்கே போரியாஸ், தெற்கே நோட்டோஸ், மேற்கே செஃபிரோஸ், கிழக்கே யூரோஸ். இவர்களெல்லாம் கவிஞர்களின் கற்பனைப் படைப்புகள் என்ற எண்ணமே இதற்குப் பின்னால் இருக்கிறது. வழிபாட்டுச் சான்றுகள் இந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கு நன்மையோ தீமையோ செய்த குறிப்பிட்ட காற்றோடு தனி உறவு வைத்திருந்தது. தேவைப்பட்டபோது அதை உரிமையாகவும் கோரியது என்பதே என் வாதம்.

இவ்வழிபாடு கவிஞர்களுக்கு மூத்தது. கிரீட் தீவின் நோசோஸில் கிடைத்த லீனியர் பி களிமண் பலகைகளில், தெய்வங்களுக்கு எண்ணெய் அளந்த கணக்குகளிடையே 'காற்றுகளின் பூசாரிணி' இடம்பெறுகிறாள். ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சான்று இது. ஹெசியடோ போரியாஸ், நோட்டோஸ், செஃபிரோஸ் மூவரையே வைகறைத் தேவி ஈயோஸின் மக்களாக ஏற்கிறார். கப்பல்களைச் சிதறடிக்கும் மற்றச் சூறைகளை டைஃபோயஸ் என்ற அரக்கனின் வழியில் சேர்த்துவிடுகிறார். அவரிடம் நான்கு திசைக் கட்டம் நிறையவே இல்லை.

ஏதென்ஸின் சான்றுதான் மிகத் தெளிவானது. கி.மு. 480இல் செர்க்சீஸின் பாரசீகக் கடற்படை செபியாஸ் முனையருகே புயலில் சிக்கியது. குறைத்துச் சொல்பவர்கள் கணக்கிலும் 400 கப்பல்கள் அழிந்தன என்கிறார் ஹெரோடோட்டஸ். மருமகனைத் துணைக்கு அழைக்கும்படி ஏதென்ஸுக்கு முன்பே ஓர் அருள்வாக்கு வந்திருந்ததாம். எரெக்தியூஸ் மன்னனின் மகள் ஓரெய்தியாவைப் போரியாஸ் தூக்கிச் சென்று மனைவியாக்கிக்கொண்டான் என்பது அவ்வூர்க் கதை. ஆகவே கால்கிஸில் நின்ற ஏதென்ஸ் படையினர் இருவருக்கும் பலியிட்டு வேண்டினர். ஊர் திரும்பியதும் இலிசோஸ் ஆற்றங்கரையில் போரியாஸுக்குக் கோயில் எடுத்தனர். பெண் எடுத்த வீட்டுக்கு ஆபத்து என்றால் மருமகன் வந்து நின்றாக வேண்டும். வன்முறையில் தொடங்கிய மணம் இப்படி ஒரு கடப்பாடாக மாறிவிட்டது.

ஆனால் அன்று வீசியதைக் கீழ்க்காற்று என்றே ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். அப்பகுதியினர் அதை வடகிழக்கிலுள்ள ஹெல்லஸ்பாண்டின் பெயரால் ஹெல்லஸ்பாண்ட் காற்று என்பார்களாம். வடகிழக்குக் காற்றை எந்தத் திசையில் சேர்ப்பது என்பதில் நெகிழ்வு உண்டுதான். அந்த நெகிழ்வுக்குள் போரியாஸைத் தேர்ந்தெடுக்க வைத்தது உறவுமுறையே. ஓரெய்தியா கடத்தப்படும் காட்சி ஏதென்ஸ் குவளை ஓவியங்களில் பெருகுவதும் இப்போருக்குப் பிறகுதான். பழங்கதைக்குப் போர் புதிய பயன் தந்தது.

தென் இத்தாலியின் தூரி நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. சிராக்யூஸின் டயனிசியஸ் ஏவிய கப்பல்களை வாடைக்காற்று அழித்ததும், அந்நகரத்தார் போரியாஸைக் குடிமகனாக்கி, வீடும் நிலமும் ஒதுக்கி, ஆண்டுதோறும் பலியிட்டதாக ஏலியன் எழுதுகிறார். அவர் பிற்காலத்தவர், எனவே விவரங்களில் எச்சரிக்கை தேவை. எனினும் தூரி, ஏதென்ஸ் முன்னின்று அமைத்த குடியேற்றம் என்பதால் இச்செய்தியை எளிதில் தள்ளிவிட முடியாது.

மேத்தனாவில் கொண்டாட எந்த உறவும் இல்லை. சரோனிக் வளைகுடாவிலிருந்து வரும் லிப்ஸ் காற்று திராட்சைத் தளிர்களைக் கருக்கிவிடும். வெண்சிறகுச் சேவல் ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியோடு இருவர் எதிரெதிராகத் தோட்டத்தைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்திலேயே சந்தித்து அதைப் புதைப்பதைப் பவுசானியஸ் பதிவுசெய்கிறார். லிப்ஸ் அந்த நால்வரில் ஒருவனே அல்லன். மேத்தனா உழவனுக்கோ அவன்தான் எல்லாம்.

8 காற்றுகளையும் ஒழுங்காகச் செதுக்கிய ஏதென்ஸின் காற்றுக் கோபுரம், இலிசோஸ் கோயிலுக்குக் காலத்தால் பிந்தியது. அந்த ஒழுங்கைக் கொண்டு முந்தைய வழிபாட்டை விளக்க முற்படுவது காலவழு. கிரேக்கக் காற்றுத் தெய்வங்களை ஆராய்பவர்கள் ஊர்ப் பலிபீடங்களிலிருந்து தொடங்க வேண்டும்.