பி.எஸ்சி முடிச்சாலே பேட்டன்ட் ஏஜென்ட் ஆகலாமா? தருமபுரி மாணவர்களுக்கான முழு விவரம்

பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சாச்சு, அடுத்து என்ன? தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பி.எட், டிஎன்பிஎஸ்சி, பேங்க் எக்ஸாம். இல்லைன்னா ஓசூர் கம்பெனி வேலை. சயின்ஸ், இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் பேட்டன்ட் ஏஜென்ட்.

பேட்டன்ட் ஏஜென்ட் என்ன செய்வார்?

ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அதன் மீது அரசு தரும் தனி உரிமைதான் பேட்டன்ட், அதாவது காப்புரிமை. அதற்கான விண்ணப்பத்தை எழுதுவது, காப்புரிமை அலுவலகம் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் தருவது, விசாரணையில் வாதாடுவது எல்லாம் ஏஜென்டின் வேலை. வெளிநாடுகளில் 'பேட்டன்ட் அட்டர்னி' என்பார்கள். இந்தியச் சட்டத்தில் இருக்கும் பெயர் 'பேட்டன்ட் ஏஜென்ட்'. இதற்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. ஆனால், கோர்ட்டில் வழக்கு நடத்த வக்கீல்தான் வேண்டும்.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பா?

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள நம்ம பக்கத்து உதாரணமே இருக்கு. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர் ஓசூர். அங்கே ஆலை வைத்துள்ள டிவிஎஸ் நிறுவனம், 2007-ல் 'ஃபிளேம்' என்ற 125 சிசி பைக்கைக் கொண்டுவந்தது. இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த இன்ஜின் தங்களது பேட்டன்ட் என்று பஜாஜ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் இன்ஜினில் மூன்று வால்வுகள் உள்ளன, அதனால் இது வேறு என்றது டிவிஎஸ்.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், பைக்கை விற்கலாம், ஆனால் விற்பனைக் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இந்தச் சண்டை முழுக்க, பேட்டன்ட் ஆவணத்தில் 'கிளெய்ம்' என்ற பகுதியில் எழுதிய வார்த்தைகள் எதுவரை செல்லும் என்பதைச் சுற்றியே நடந்தது. அந்த வார்த்தைகளை எழுதித் தருவதுதான் ஏஜென்டின் முக்கிய வேலை.

தகுதி என்ன?

* இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்
* 21 வயது நிறைவடைந்திருக்க வேண்டும்
* அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும்
* பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும்

பி.ஏ, பி.காம் மட்டும் படித்தவர்கள் எழுத முடியாது.

தேர்வு எப்படி?

காப்புரிமைச் சட்டமும் விதிகளும் முதல் தாள், 100 மார்க். விண்ணப்ப ஆவணம் எழுதுவதும் விளக்குவதும் இரண்டாம் தாள், 100 மார்க். நேர்முகத் தேர்வு 50 மார்க். இரண்டு தாள்களிலும் தலா 50 மார்க்காவது எடுக்க வேண்டும், மொத்தத்தில் 60 சதவீதம், அதாவது 250-க்கு 150 வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. ரெண்டு தாளிலும் சரியாக 50 எடுத்தால், நேர்முகத் தேர்வில் 50-க்கு 50 வாங்கினால்தான் பாஸ். இன்னொன்று, இந்தத் தேர்வு ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2018-க்குப் பிறகு 2023-ல்தான் நடந்தது. இதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்து படிப்பது சரிவராது.

அப்போ என்ன செய்யலாம்?

தேர்வுக்கு முன்பே டிரெய்னியாகச் சேரலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று பழைய பேட்டன்ட்களைத் தேடுவது, வரைவு எழுத உதவுவது, கெடு தேதிகளைக் கவனிப்பது என்று வேலை தொடங்கும். தருமபுரிக்காரர்களுக்கு சென்னையைவிட பெங்களூரு பக்கம். ஆராய்ச்சி மையங்கள் நிறைந்த அந்த ஊரில் இந்தத் துறை நிறுவனங்களும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகாவுக்கும் காப்புரிமை அலுவலகம் ஒன்றுதான், சென்னை கிண்டியில் உள்ளது.

உண்மையான தடை எது?

மொழிதான். விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் மட்டுமே தர முடியும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் டெக்னிக்கல் ஆங்கிலம் எழுதப் பழகியே ஆக வேண்டும். ஆனால் இது பழகினால் வரும் விஷயம்தான்.

இன்றே தொடங்க...

'இன்பாஸ்' என்ற அரசு இணையதளத்தில் இந்திய பேட்டன்ட்களை இலவசமாகப் படிக்கலாம். உங்கள் பாடத்தில் வாரத்துக்கு ஒன்றை எடுத்து, அதன் கிளெய்மை மறைத்துவிட்டு நீங்களே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். என்பிடெல் தளத்தில் பேட்டன்ட் சட்டப் பாடம் உள்ளது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் அடிப்படைப் படிப்பும் ஆன்லைனில் இலவசம்.

பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம், நேரடியாக ஏஜென்ட் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோர்ஸ் சான்றிதழ் வேறு, தேர்வில் பாஸ் ஆகிப் பதிவு செய்வது வேறு.