பெயர்ப் பட்டியலை நிறுத்தி வாசியுங்கள்



நான் குடியிருக்கும் ஈசூனில்தான் 1992இல் சிங்கப்பூரின் முதல் பலதிரை அரங்கான ‘ஈசூன் 10’ திறக்கப்பட்டது. என் மாணவர்களுக்கு அதுவே பழங்கதை. சென்ற தவணையில், “நம்ம ஊர்லயே ஸ்டூடியோ வச்சு படம் எடுத்த காலம் இருந்துச்சு” என்றேன். “அது மலாய்ப் படம்தானே டீச்சர், நமக்கென்ன?” என்றான் ஒருவன். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்வி வரலாம். அதனால் எழுதுகிறேன்.

பாலஸ்டியர் வட்டாரத்தில் இருக்கிறது ஜாலான் அம்பாஸ். அங்கே 1947 முதல் 1967 வரை ஷா சகோதரர்களின் ‘மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ்’ 150க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். பலர் பங்சாவான் மேடை நாடகத்தில் பழகியவர்கள். இயக்கியது யார்? தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் இந்தியர்கள்.

ஏன் அப்படி? பேசும் படம் எடுத்த அனுபவம் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் நிறைய இருந்தது. பாட்டும் கண்ணீரும் சிரிப்பும் கலந்த கதை, பங்சாவான் பார்த்துப் பழகியவர்களுக்கும் பிடித்தது.

பஞ்சாபியரான பி. எஸ். ராஜ்ஹன்ஸ் 1934இலேயே இங்கு ‘லைலா மஜ்னுன்’ எடுத்தவர். 1948இல் தம் ‘சிந்தா’ படத்தில் பி. ரம்லியைத் திரைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தமிழில் ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941) படங்களை இயக்கிய பி. என். ராவ், 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக ‘பொந்தியானாக்’ பேய்ப் படத்தை எடுத்தார். மரியா மெனாடோ நடித்த அந்தப் படம் சக்கைப்போடு போட்டது.

எல். கிருஷ்ணன் கதை எனக்குத் தனிப் பிடித்தம். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். ரம்லியும் பினாங்குப் பிள்ளைதான். ‘பக்தி’ (1950) படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் இந்தக் கிருஷ்ணன். வங்காளியான பனி மஜும்தார் இயக்கிய ‘அனாக்கு சசாலி’யில் அப்பா, மகன் என இரு வேடங்களில் நடித்த ரம்லி, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

இதோடு நிறுத்தினால் வெறும் பெருமையாகிவிடும். மறுபக்கத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வந்த இயக்குநர்களில் பலருக்கு மலாய் தெரியாது. உதவியாளர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ‘ஆளும் பேச்சும் மலாய், கதை மட்டும் இந்தியா’ என்ற குறையும் எழுந்தது. அது நியாயமான குறைதான். ரம்லி தாமே இயக்கிய முதல் படம் ‘பெனாரெக் பெச்சா’ (1955). ஒரு ரிக்‌ஷாக்காரரின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் படம் இந்த மண்ணின் கதையாக இருந்தது. மலாய் இயக்குநர்கள் எழுந்தார்கள். இந்தியர்களிடம் தொழில் கற்றவர்கள், தங்கள் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்? ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ (1961) படத்தின் தொடக்கத்தைக் காட்டுங்கள். நடிக்க வாய்ப்புத் தேடி ஸ்டூடியோவுக்குப் போகும் மூன்று நண்பர்களின் கதை. எடுத்ததும் ஜாலான் அம்பாஸிலேயே. அதற்குள் எழுபது தாண்டிய அண்டை வீட்டுப் பாட்டியிடம், “அந்தக் காலத்துல ரம்லி படம் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டுவரச் சொல்லலாம். பிறகு, ரம்லி நடித்த பழைய படம் ஒன்றின் பெயர்ப் பட்டியலில் படத்தை நிறுத்தி, இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் பெயர்களை எழுதவையுங்கள். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, தேடிப் படித்து, இரண்டு நிமிடம் பேசட்டும். வாய்மொழித் தேர்வுக்கும் பயிற்சியாச்சு.

அந்த மாணவனுக்கு இப்போது என்னிடம் பதில் உண்டு: “அது மலாய்ப் படம்தான்பா. அதுல நம்ம ஆளுங்க உழைப்பும் இருக்கு, அவங்க உழைப்பும் இருக்கு. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுப் பாரு.”