தலைப்பாகையும் கண்ணாடியும்

கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் பேரேடு எழுதியே தலை நரைத்தவன் நான். வரலாற்றுப் புத்தகம் எதைப் புரட்டினாலும், யார் என்ன உடுத்தினார்கள், யாரை உடுத்த விடவில்லை என்பதில்தான் கண் போய் நிற்கும். மனசை அடக்குவது பற்றி எழுதச் சொன்னாலும் நான் துணியில்தான் தொடங்குவேன். எங்கள் ஊரில் அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் குமரி மாவட்டத்தில் கண்மூடி உட்கார்ந்தவர்களுக்குக் குறைவில்லை. சிதறால் குன்றில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சமணத் துறவிகள் இருந்தார்கள். மருந்துவாழ்மலைக் குகையில் நாராயண குரு தவம் இருந்தார். 1892 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் கடல் நடுவே பாறையில் மூன்று நாள் அமர்ந்தார். படகுத்துறையில் வரிசை நிற்கிற வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது அந்தப் பாறைதான். ஆனால் மனசுக்குள் புகுந்த ஒரு கெட்ட எண்ணத்தை ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து வெளியே தள்ளிய கதை வேண்டுமென்றால் சாமித்தோப்புக்குத்தான் போகவேண்டும்.

முன்பு அந்த இடத்துக்குப் பூவண்டன்தோப்பு என்று பெயர். 1809இல் ஒரு நாடார் வீட்டில் பிள்ளை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறும் சாதிக்கு முடி என்ன, சூடுவது என்ன என்று மேலே இருந்தவர்கள் முறைத்ததால் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பது பின்னாளில் அவரைப் பின்பற்றிய அடியார்கள் சொல்லி வரும் கதை. பெயருக்கே அந்தப் பாடு. மற்றதைக் கேட்கவா வேண்டும்? இந்தப் பகுதி அன்று திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. நாடார் ஆண் தலையில் துண்டு கட்டக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. குடையும் செருப்பும் ஆகாது. பெண் மேலாடை போடக்கூடாது, தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. தலைவரி கட்டவேண்டும், கூலியில்லாத ஊழியமும் செய்யவேண்டும். இத்தனையும் சுமந்து நடக்கிறவன் தன்னைப் பற்றி என்ன நினைப்பான்?

வெளியே இது என்றால் உள்ளே பயம். மாடன், இசக்கி, காட்டேரி. கால்டுவெல் பாதிரியார் 1849இல் திருநெல்வேலிப் பக்கத்து நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தப் பேய் வழிபாடு பக்கம் பக்கமாக வரும். அவர் எழுதிய தொனி எனக்குப் பிடிக்காது. இசக்கியம்மன் கொடைக்கும் வில்லுப்பாட்டுக்கும் இன்றும் போய் உட்காருகிறவன் நான். ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கு முன்னால் ஆட்டுக்கும் கோழிக்கும் கடன் வாங்கிய காலம் அது என்பதை மறுக்க முடியாது.

முத்துக்குட்டி கடும் நோயில் விழுந்தார். 1833 மாசியில் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அவர் வழி நடக்கும் அய்யாவழி மக்களின் நம்பிக்கை. ஊர் திரும்பித் தவத்தில் உட்கார்ந்தார், ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷம் ஆள் உயரக் குழிக்குள், அடுத்த இரண்டு தரை மட்டத்தில், கடைசி இரண்டு உயர்ந்த பீடத்தில். குழியிலிருந்து பீடத்துக்கு ஏறி வந்த அந்த வரிசையைச் சுற்றி நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

வந்தவர்களுக்குத் தண்ணீரும் மண்ணும் மருந்தாகக் கொடுத்தார். பேய்க்குப் பலி கொடுக்காதே என்றார். கூட்டம் கூடுவது திருவனந்தபுரத்துக்குப் பொறுக்கவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா காலம். பிடித்துக்கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தார்கள். உன் சாதிக்காரரோடு மட்டும் இருப்பேன் என்று எழுதிக்கொடு, விட்டுவிடுகிறோம் என்றார்களாம். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. 1839இல் வெளியே வந்தார்.

பிறகு நடந்த துவையல் பந்திதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எழுநூறு குடும்பங்கள் கடலோரத்தில், வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் போய்த் தங்கின. தினமும் துணி துவைத்து, குளித்து, பச்சரிசியும் சிறுபயறும் ஒருவேளை பொங்கிச் சாப்பிட்டார்கள். மாமிசமும் கள்ளும் கிடையாது. அழுக்குப் பிடித்த சாதி என்று காது புளிக்கக் கேட்டவர்களுக்கு முதல் பயிற்சியே துவைப்பதுதான். தனித்தனியாகக் கண்மூடச் சொல்லவில்லை. கைக்கு வேலை, பக்கத்தில் பத்துப் பேர். மனசு சோர்ந்தவனைத் தனியே விடக்கூடாது என்று இன்றைக்கு வைத்தியர்கள் சொல்வதை அங்கே பந்தி போட்டே செய்தார்கள்.

ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். எது கூடாது என்று ஆள் வைத்துத் தடுத்தார்களோ, அதைக் கட்டிக்கொண்டுதான் சாமி முன்னால் நிற்கவேண்டும். சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி எல்லாச் சாதிக்கும் பொதுவாக்கினார். அங்கே வழிபாட்டுத் தலமான பதியின் பள்ளியறையில் சிலை கிடையாது. கண்ணாடி ஒன்று, அதன் முன் விளக்கு. நான் அந்த வழியைச் சேர்ந்தவன் இல்லை. சிநேகிதர் ஒருவர் கூட்டிப்போனார். “சட்டையக் கழத்தும், துண்டத் தலையில கெட்டும் வேய்” என்றார். கட்டி உள்ளே போய் நிமிர்ந்தால், விளக்கு வெளிச்சத்தில் தலைப்பாகையோடு என் முகம். குனிந்தே பழகிய ஒருவன் 1840இல் இப்படித் தன்னைப் பார்த்திருந்தால் அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்கு ஓடியது. நாராயண குரு சேர்த்தலைப் பக்கம் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தது 1927இல். கேரளத்தில் அதைப் பெரிய புரட்சியாகப் பேசுவார்கள், பேசட்டும், புரட்சிதான். சாமித்தோப்புக்கு அதில் மூப்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

என் பேத்தி போனில் ஒரு தியான ஆப் வைத்திருக்கிறாள். எண்ணம் வரும், போகும், விலகி நின்று பார் என்று ஒரு குரல் இதமாகச் சொல்கிறது. தப்பில்லை. தூக்கம் வராத ராத்திரியில் நானும் கேட்டிருக்கிறேன், பலன் உண்டு. ஆனால் கணக்கு எழுதிய புத்தி சும்மா இருக்காது. பேரேட்டில் ஒருவன் பேரில் பற்று இருந்தால் இன்னொருவன் பேரில் வரவு இருந்தே தீரும். ‘நான் தாழ்ந்தவன்’ என்று ஒருவன் நினைப்பது அவன் பற்று என்றால், கூலியில்லாத ஊழியம் யார் வீட்டு வரவு? அந்த எண்ணத்தை விலகி நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் வரவு வைத்தவனுக்குத்தான் வசதி. வைகுண்டர், அந்தப் பற்றை எழுதியது யார் என்று கேட்டார். அதனால்தான் சிறைக்குப் போனார். சும்மா மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருந்தால் மகாராஜா அவரை அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பட்டு போர்த்தியிருப்பார்.

சீடர் அரிகோபாலன் 1841இல் ஓலையில் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை 1939இல் அச்சானது; திருவிழா நாட்களில் ஏடு வாசிப்பாக இன்றும் அதைக் கேட்கலாம். மாசி 20 அன்று நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அன்றைக்குத் தலைப்பாகைக் கூட்டத்தைச் சாலையோரம் நின்று பாருங்கள்.

நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது 1859 ஜூலை 26இல். வைகுண்டர் மறைந்தது 1851இல். சர்க்கார் அரைமனதாகத் துணிக்கு வழிவிடும்போது, தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நின்றவர்களுக்கு வயது வந்த பிள்ளைகளே இருந்தார்கள்.